வரைபடத்தில் இருந்த கல்லறைத் தோட்டம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க ஊர்களின் பழைய கல்லறைத் தோட்டங்கள் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். பராமரிப்புக்குப் பணம் இல்லாததுதான் சிக்கல் என்கிறது கட்டுரை. சரி, ஆனால் கறுப்பின மக்களின் கல்லறைகள் அழிந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம், அவை கணக்கிலேயே எடுக்கப்படாததுதான். நியூயார்க்கில் 1991-இல் அரசு அலுவலகம் கட்டத் தோண்டியபோது, அடிமைகளாகவும் விடுதலை பெற்றவர்களாகவும் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டு வரைபடத்திலேயே அந்த இடுகாடு குறிக்கப்பட்டிருந்தது! மக்கள் போராடிய பிறகுதான் தோண்டுவது நின்றது. எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்கள் 2003-இல் அங்கேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமானது. மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே சென்றேன். உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே புல் மூடிய ஏழு மேடுகள். அவற்றின் கீழேதான் அவர்கள் இருக்கிறார்கள். அதன் முன் நின்றபோது மனம் கனத்துப்போனது.

புளோரிடாவின் டாம்பா நகரில் 1901-இல் தொடங்கிய சயான் இடுகாட்டின் மேல் குடியிருப்புகளே எழும்பிவிட்டன. அது 2019-இல்தான் வெளியே தெரிந்தது. இத்தகைய இடங்களைக் கண்டறியவும் காக்கவும் நிதி உதவி தர 2022-இல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் இயற்றியது நல்ல தொடக்கம். அத்துடன், கட்டுமான அனுமதி தருமுன் பழைய வரைபடங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் சரிபார்ப்பதை ஒவ்வொரு நகராட்சியும் கட்டாயமாக்க வேண்டும்.

— ஒரு வாசகர், திருச்சி