அக்காவின் ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. எனக்குக் கண்புரை எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டே மூன்று தடவை படித்தேன். என் சங்கதி அவ்வளவுதான், அது கிடக்கட்டும்.

நாம் படிக்கிற காலத்தில் நேரம் காலம் பார்க்காமல் நம் இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டவர் அக்கா. அவருக்கே இரைப்பையில் புற்றுநோய், அவராலேயே சாப்பிட முடியவில்லை என்று படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

"கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உடம்பைத் தேற்றச் சொல்கிறார்கள், இது என்ன கூத்து" என்று எழுதியிருக்கிறாய். உன் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் நான் டாக்டர் பக்கம்தான்.

அப்பாவுக்கு நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அவருக்கும் இதே நோய், 74 வயது. ஆறு மாதமாக இளைத்துக்கொண்டே வந்தார். கை கழுவும்போது மோதிரம் கழன்று விழுந்தது. வயதானால் இளைப்பது சகஜம் என்று நானே மோதிரத்தில் நூல் சுற்றிக் கொடுத்தேன். நோய் தெரிந்ததும் நாளைக்கே ஆபரேஷன் வேண்டும் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். கட்டியை முழுதாக எடுத்தார்கள். ஆனால் எழுந்து நடக்கத் தெம்பில்லை, இருமிச் சளியை வெளியேற்றவும் தெம்பில்லை. பதினோராவது வாரம் நிமோனியாவில் போய்விட்டார். முன்கூட்டித் தேற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நூல் சுற்றிய மோதிரம் கண்ணில் படும்போதெல்லாம் மனம் கேட்கிறது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்களில், முன்பே ஊட்டம் குறைந்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம், ஆயுளும் குறைவு என்று ஜப்பான், கொரியா, சீனா ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இதில் என்னை உலுக்கியது ஒன்று: அந்த மரணங்களில் பல, புற்றுநோய் திரும்பி வந்ததால் அல்ல, நிமோனியா மாதிரி வேறு காரணங்களால்.

முதியவர்களுக்கென்றே 2005-இல் ஒரு கணக்கு வந்தது. ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவையும், இருக்கவேண்டிய எடைக்கு இப்போதைய எடை எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுவார்கள். 98-க்கு மேல் என்றால் கவலையில்லை, 82-க்குக் கீழே என்றால் பெரிய ஆபத்து. நீ எழுதிய விவரத்தை வைத்து (அல்புமின் 3.2, எடை 47 கிலோ, அவர் உயரத்துக்கு 52 இருக்கலாம்) போட்டுப் பார்த்தேன், 85 வருகிறது. அதைவிட, ஐந்து மாதத்தில் 54-லிருந்து 47-க்கு இறங்கியிருக்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை போயிருந்தால், ஆபரேஷனை 7 முதல் 14 நாள் தள்ளியாவது ஊட்டம் கொடுக்கச் சொல்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். அக்காவுக்குப் பதிமூன்று சதவீதம் போய்விட்டது. டாக்டர் சும்மா இழுத்தடிக்கவில்லை.

ஆனால் அல்புமினைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. உடம்பில் அழற்சி இருந்தாலே அது இறங்கும்; ஏறவும் வாரக்கணக்கில் ஆகும். பத்து நாள் கழித்தும் அதே 3.2 என்று வந்தால் எல்லாம் வீண் என்று நினைக்காதே. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறாரா, நேற்றைவிட நாலு அடி கூட நடக்கிறாரா, அதைப் பார். புரதம் மட்டும் உள்ளே போய் நடை இல்லாவிட்டால் தசை ஏறாது. வாயால் போதுமான அளவு இறங்கவில்லை என்றால் குழாய் வழியாகக் கொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் நீயே கேள், கூச்சப்படாதே.

ஆபரேஷன் முடிந்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டால் பசியே தெரியாமல் போகலாம். "பசித்தால் கேட்பார்" என்று இருந்துவிடாதே. கடிகாரம் பார்த்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். அவசரமாகவோ இனிப்பாகவோ உள்ளே போனால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். அப்புறம் வைட்டமின் பி12 ஊசி. முழு இரைப்பையும் போனால் அது ஆயுள் முழுக்க. உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய சில வருடங்கள்கூட ஆகும், அதனால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அக்காவிடம் நீ பயமுறுத்துகிற மாதிரி பேசாதே. "சாப்பிடு, சாப்பிடு" என்று தலைமேல் நிற்காதே, அப்பாவிடம் நான் செய்த இன்னொரு தப்பு அது. பக்கத்தில் உட்கார்ந்து நீயும் சேர்ந்து சாப்பிடு.

ஞாயிறு காலையில் எடை பார்த்து எனக்கு எழுது. கண்ணுக்கு மருந்து விடுவது இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது, முடிந்ததும் கிளம்பி வருகிறேன். ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க ஆள் வேண்டுமே, அந்த வேலை எனக்கு.

உன்
பழைய அறைத் தோழன்