கரையில் ஒரு மேசை போடுங்கள்

சென்னையிலும் ஈசிஆர் நெடுகிலும் கடலில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போட்டிக்கு முந்தைய நாள் விளக்கக் கூட்டத்தில் சோடாபுட்டி போட்ட யாராவது ஒருவர் எழுந்து, "சார், எனக்கு மைனஸ் ஆறு. பாதை காட்டும் மிதவை தெரியாதே, என்ன செய்ய?" என்று கேட்பது வழக்கம். "கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கோங்க" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவதும் வழக்கம்.

தயவுசெய்து இந்தப் பதிலை இனிமேல் சொல்லாதீர்கள். கிட்டப்பார்வைக்காரர்களான நாங்கள் கேட்பது, கண்ணுக்குத் தெரிகிற மிதவையும் கண்ணாடியை ஒப்படைக்கக் கரையில் ஒரு மேசையும்தான். அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரி கடல், ஏரி, நீச்சல்குளம், குழாய்த் தண்ணீர் என எல்லாவற்றிலும் இருக்கிறது. கூடு கட்டிக்கொண்ட நிலையில் குளத்துக் குளோரினுக்கும் அது சாகாது. சாஃப்ட் லென்ஸ் தண்ணீரை உறிஞ்சி, அந்த உயிரியைக் கருவிழியோடு ஒட்டவைத்து வைத்திருக்கும். தொற்று வந்தால் மாதக்கணக்கில் மருந்து ஊற்ற வேண்டும், பார்வையே போகவும் கூடும். போதாததற்கு, உப்பில்லாத தண்ணீர் பட்டால் லென்ஸ் இறுகிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் பிடுங்கினால் கருவிழி உரியும். "லேசர் வைத்துப் பவரைச் சரிசெய்யும் லேசிக் பண்ணிக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கருவிழி மெலிந்தவர்களுக்கும் பவர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கும் மருத்துவர்களே அதைச் செய்யமாட்டார்கள்.

பாரா டிரையத்லானில் பார்வைக் குறைபாட்டுப் பிரிவு இருக்கிறது. வழிகாட்டியோடு கயிறு கட்டி நீந்தி, இருவர் மிதிக்கும் சைக்கிளில் போவார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்குக் கண்ணாடி போட்டுத்தான் பார்வையை அளப்பார்கள். கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரிகிற மைனஸ் பத்துக்காரருக்கு அங்கே இடமில்லை. அவருக்கு வேண்டியது சலுகையும் இல்லை, கண்ணாடி கைக்கு எட்டுகிற ஏற்பாடுதான்.

தண்ணீருக்குள் எங்கள் பாட்டை நாங்களே பார்த்துக்கொள்வோம். பவர் காகிள்ஸ், அதாவது பவர் போட்ட நீச்சல் கண்ணாடி, அரை அரைப் புள்ளியாக, பெரும்பாலும் மைனஸ் எட்டு வரை ரெடிமேடாகக் கிடைக்கிறது. சில கம்பெனிகள் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக விற்கின்றன. இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு பவர் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். ரெடிமேடில் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குக் கொடுப்பது) வராது. சிலிண்டரில் பாதியை மெயின் பவரோடு கூட்டிக்கொண்டு, வருவதற்குச் சற்றுக் குறைவானதை எடுக்க வேண்டும். மைனஸ் 3.00, சிலிண்டர் மைனஸ் 1.50 என்றால் 3.75 வரும், வாங்குவது 3.5. நாற்பது தாண்டியவர்கள் இன்னும் அரைப் புள்ளி குறைத்தால் கைக்கடிகாரத்து எண்ணும் தெரியும். இந்த லென்ஸின் வெளிப்பக்கம் தட்டை, வளைவு முழுக்க உள்பக்கம். அதனால்தான் தண்ணீருக்குள் போனாலும் பவர் மாறுவதில்லை. பனி படராமல் இருக்க பேபி ஷாம்பு ஒரு துளியைத் தடவி லேசாக அலசினால் போதும். உள்பக்கத்தை விரலால் தேய்த்தால் பூச்சு போய்விடும். கிளம்பும்வரை காகிள்ஸை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பதும் தப்பு. நெற்றி வேர்வையின் ஆவி அத்தனையும் லென்ஸில்தான் படியும். இதையெல்லாம் வீரர்களுக்கான கையேட்டில் அரைப் பக்கம் போட்டால் புதியவர்களுக்கு உதவும்.

இனி உங்கள் பங்கு. மிதவையிலிருந்து தொடங்குகிறோம்.

தெளிவில்லாத கண்ணில் ஒரு புள்ளி எவ்வளவு அகலமாகக் கலங்கும் என்பது எளிய கணக்கு. கண் பாப்பாவின் (கண் நடுவிலுள்ள கறுப்புத் துளை) விட்டத்தை, கண்ணாடி சரிசெய்யாமல் விட்ட பவரால் பெருக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் அத்தனை மில்லிமீட்டர் கலங்கும். பகல் வெளிச்சத்தில் பாப்பா சுமார் 3 மில்லிமீட்டர். மைனஸ் பதினொன்றுக்காரர் மைனஸ் எட்டு காகிள்ஸ் போட்டால் மூன்று மீதி. 100 மீட்டர் தூரத்தில் கலங்கல் 90 சென்டிமீட்டர். காகிள்ஸ் அறுந்துபோய் சாதாரணக் காகிள்ஸில் நீந்தும் மைனஸ் ஐந்துக்காரருக்கு அதே தூரத்தில் ஒன்றரை மீட்டர். வலைக்குக் கட்டுகிற அரை மீட்டர் மிதவையை அங்கே போட்டுவிட்டு "ஆரஞ்சுதானே, தெரியுமே" என்றால், அந்த ஆரஞ்சு கடலோடு கரைந்துதான் கிடக்கும். திரும்பும் முனைகளில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத மிதவை வேண்டும். இடையில் 100 மீட்டருக்கு ஒன்று.

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. ஜனவரியில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும்பும்போது ஆளை இறக்கிவிட்டால், கடலுக்குள் போகிற முதல் நீட்டம் முழுக்க வெயில் முகத்தில். எதிர்வெளிச்சத்தில் எந்த நிறமும் கறுப்புதான். அங்கே உதவுவது உயரமும் வடிவமும். முதல் திருப்பத்தில் நங்கூரமிட்ட ஃபைபர் படகை நிறுத்தி, மூங்கில் கழியில் அகலமான கொடி கட்டுங்கள். கரைக்குத் திரும்புகையில் சவுக்குத் தோப்போ கலங்கரை விளக்கோ அடையாளத்துக்கு இருக்கும். போகும்போது வானம் ஒன்றுதான். இன்னொன்று, மிதவை ஆரஞ்சு என்றால் வீரர்களின் தொப்பி ஆரஞ்சாக இருக்கக் கூடாது. எல்லாருமே கேட்க மறக்கும் விஷயம் இது. மிதவை என்று நினைத்து ஒரு தலையைத் துரத்திக்கொண்டு பாதை தவறுவது கிட்டப்பார்வைக்காரருக்குச் சர்வசாதாரணம். காயாக்கில் வரும் பாதுகாவலர் ஜாக்கெட்டுக்கும் இதேதான்.

தண்ணீரைவிட்டு ஏறியதும் "காகிள்ஸைக் கழட்டு" என்று தன்னார்வலர்கள் கத்துவார்கள், நல்ல எண்ணத்தில்தான். சைக்கிள் ஸ்டாண்டு வரை எங்கள் கண் அதுதான், விட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் வெளியே வந்த காகிள்ஸில் அரை நிமிடத்தில் பனி படரும். ஈர மணலில் கயிறும் கம்பியும் தெரியாமல் 300 மீட்டர் ஓடுவது கஷ்டம். அதற்குத்தான் மேசை.

அயர்ன்மேன் என்ற நீண்ட தூர டிரையத்லான் போட்டிகள் பலவற்றில் இந்தக் கண்ணாடி மேசை உண்டு. கரையேறும் இடத்தில், அலை எட்டாத தூரத்தில், நிழலில் ஒரு மேசை. அதற்கென்றே ஒரு தன்னார்வலர். நீந்தப் போகிறவர் கடைசி நிமிடத்தில் கண்ணாடியை ஸிப் பையில் போட்டு, மார்க்கரில் தன் எண்ணை எழுதிக் கொடுப்பார். பைகள் எண் வரிசையில், பத்துக்கு ஒரு தட்டு. திரும்பி வருபவர் எண்ணைக் கத்த, தன்னார்வலர்தான் தேடி எடுத்துத் தர வேண்டும். எங்களைத் தேடச் சொன்னால் மேசை வைத்ததே வீண். பக்கத்தில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கட்டும். மணல் ஒட்டிய கையோடு லென்ஸைத் துடைத்தால் கீறல் விழும், அலசிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். இறங்கும் இடமும் ஏறும் இடமும் வேறு என்றால், கடைசி ஆள் இறங்கியதும் மேசை பைக்கில் முன்னாடி போய்விட வேண்டும். வெளியாள் உதவி கூடாது என்ற விதியைக் காட்டி யாரும் புகார் செய்யாமலிருக்க, இது எல்லாருக்கும் பொதுவான ஏற்பாடு என்று கையேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடமான ட்ரான்சிஷனில் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் எண் பலகை, இரண்டு பக்கமும். எழுத்து 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் 6/60 பார்வைக்காரர் (மற்றவர் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிப்பவர்) 20 மீட்டரிலிருந்து படித்துவிடுவார். ஏ4 தாளில் அச்சடித்து ஒட்டினால் கிட்டே போய் முகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: கரையில் கண்ணாடி ஒப்படைப்பீர்களா? எத்தனை தட்டு வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். தட்டு, ஸிப் பை, மார்க்கர், தண்ணீர் எங்கள் செலவு. மேசையும் ஒரு ஆளும் மட்டும் நீங்கள் தாருங்கள்.

இப்படிக்கு,
கிட்டப்பார்வை நீச்சல்காரர்கள் சிலர்