பாதி வேலை காகிதத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலணி, கையுறை, பலூன் போன்ற தனிப் பாலியல் ஈர்ப்புகளுக்கென அமெரிக்காவில் வயதுவந்தோர் வீடியோ எடுத்து விற்பவர்களுக்குக் கேமரா மட்டும் இருந்தால் போதும் என்பது தவறு. பாதி வேலை காகிதத்தில்தான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 2257 பிரிவின்படி, வெளிப்படையான பாலியல் காட்சி இருந்தால், படப்பிடிப்புக்கு முன்பே நடிப்பவரின் அரசு அடையாள அட்டையைச் சரிபார்த்து, சட்டப்பெயர், பிறந்த தேதி, புனைபெயர்கள் எல்லாம் பதிய வேண்டும். அந்தக் கோப்பை 7 ஆண்டு காக்க வேண்டும். அட்டையைப் படம் எடுக்கையில் விளக்கொளி பட்டுப் பிறந்த தேதி வெளிறிவிட்டால் அந்த நகல் செல்லாக்காசு. அங்கேயே மறுபடி எடுங்கள், ஆள் கிளம்பியபின் கிடைக்காது. சம்மதத்தாளில் எதைச் செய்யலாம், எது கூடாது என்பதை வரிவரியாக எழுதுங்கள். 2021 அக்டோபர் முதல் மாஸ்டர்கார்டு கட்டண நிறுவனமும் இத்தகைய வீடியோ விற்பனைக்கு வயது, சம்மத ஆவணங்களைக் கட்டாயமாக்கியது.

இத்தகைய வீடியோக்களைச் சந்தாவுக்கு விற்கும் இணையதளமான ஒன்லிஃபேன்ஸ், வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2021 ஆகஸ்டில் வெளிப்படையான பாலியல் காட்சிகளுக்குத் தடை என்று அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. எனவே ஒரே தளத்தை நம்பாதீர்கள். வாடிக்கையாளர் கேட்டபடி எடுத்துத் தரும் தனி ஆர்டருக்கு முழுப்பணமும் முன்பே வாங்குங்கள்.

இங்கிருந்து முயல நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில், வெளிப்படையான பாலியல் காட்சிகளை இணையத்தில் வெளியிட்டால், முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இப்படிக்கு,
இத்தொழிலின் கணக்கும் ஆவணமும் அறிந்த வாசகர்கள்