லாக்ஸ்டன் வயல்களுக்காக ஒரு திறந்த மடல்

தோர்ஸ்பி எஸ்டேட் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டன் கிராமத்து நிலங்கள் 2020-ல் மறுபடி உங்கள் வசம் வந்தன. 1952-ல் உங்கள் எஸ்டேட்டின் அப்போதைய உரிமையாளர் மான்வர்ஸ் பிரபு அவற்றை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றது, வேலியில்லாத பொது வயல்களில் பலரும் கீற்றுகளாகப் பயிரிடும் பழைய வயல்முறை அழிந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில்தான். 1981-ல் அவை அரச நிலங்களைப் பராமரிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போயின. இப்போது பொறுப்பு உங்களுடையது.

இங்கிலாந்தின் பொது வயல்களை நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்களால் வேலியடைத்துத் தனித்தனிப் பண்ணைகளாக்கியது. ஆனால் லாக்ஸ்டனில் இன்றும் மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் மூன்றும் வேலியில்லாமல் நிற்கின்றன. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் கீற்றுக் கீற்றாக நிலம். ஒரு வருடம் குளிர்காலக் கோதுமை, அடுத்த வருடம் வசந்தப் பயிர், மூன்றாம் வருடம் தரிசு அல்லது தீவனம். மார்க் பியர்ஸ் 1635-ல் வரைந்த வரைபடத்தில் இதே வயல்களைப் பார்க்கலாம்.

என்னை வியக்க வைப்பது அங்குள்ள ஊர்மன்றம். நவம்பர் கடைசியையொட்டி, விவசாயிகளிலிருந்தே தேர்ந்த நடுவர்கள் கோதுமை விதைத்த வயலை நடந்து பார்க்கிறார்கள். பாதையையோ புல்வரப்பையோ யாராவது சேர்த்து உழுதிருந்தால், சரியான எல்லையில் முளை அடிக்கிறார்கள். அடுத்த வாரம் டவ்கோட் விடுதியில் மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. தொகை சொற்பம்தான், ஆனால் விதிப்பவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். 1977-ல் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைப் பறித்த சட்டம்கூட லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது.

என் கோரிக்கை இதையொட்டியதே. கீற்றுகளை அப்படியே வைத்துக்கொண்டு, உழுபவர்களைக் குறைத்துவிட்டால் இம்முறை நிற்காது. ஒருவர் ஓய்வுபெறும்போது அவர் கீற்றுகளைப் பக்கத்துப் பெரிய பண்ணையோடு சேர்ப்பது கணக்குக்கு லாபமாகத் தெரியலாம். இப்படி நாலைந்து முறை நடந்தால் வரப்பின் இருபுறமும் ஒரே ஆள் நிற்பார். எல்லை பார்க்க நடுவர்களுக்கு வேலையே இருக்காது. அதனால் காலியாகும் குத்தகையைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் இளம் குடும்பங்களுக்குக் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிலம் தானியம் தராத வருடத்தையும் கணக்கில் எடுத்து வாடகை வையுங்கள். உழாமல் விட்ட புல்வெளிகளில் பூக்கும் செடிகளும் இந்தச் சிறு விவசாயிகளை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்த மன்றம் கூடுவதற்குள் இவற்றை எழுத்தில் உறுதிசெய்து, குத்தகைதாரர்கள் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
லாக்ஸ்டனை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்