மாலதிக்கு, புது போன் வாங்கும் முன்

அன்புள்ள மாலதி,

விடைத்தாள் திருத்தும் வேலை நேற்றுதான் முடிந்தது. இன்று ஆற அமர உட்கார்ந்து உன் மெயிலுக்குப் பதில் எழுதுகிறேன். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலி குறைந்ததும் நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே! அதைப் படமெடுக்கப் பழைய போன் லாயக்கில்லை, இந்த இரண்டில் எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு போன்களின் விவரத்தையும் வரி விடாமல் படித்தேன். அதைவிட அதிக நேரம், நீ இணைத்திருந்த அந்தக் கலங்கலான படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் பின்னாலிருக்கும் கதவின் தாழ்ப்பாள், அதன் திருகாணி வரைக்கும் தெளிவாக விழுந்திருக்கிறது. குழந்தையின் முகமும் கைகளும் மட்டும் இழுபட்டு நிற்கின்றன. உன் கை ஆடியிருந்தால் தாழ்ப்பாளும் சேர்ந்து கலங்கியிருக்கும். ஆகவே கட்டுப்போட்ட கையை நொந்துகொள்ளாதே. படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன்: ஷட்டர், அதாவது ஒளியைச் சேர்க்கும் நேரம், 1/20 நொடி; அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 2.2 (இந்த எண் சின்னதாக ஆக திறப்பு பெரியது). ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு என்பது நமக்குக் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் தத்தித் தத்தி நடக்கிற குழந்தை அதற்குள் கையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீசிவிடும். அறையில் வெளிச்சம் போதவில்லை, அதனால் போன் அவ்வளவு நேரம் ஒளியைச் சேர்த்திருக்கிறது. 1/125 கிடைத்திருந்தால் முகம் நின்றிருக்கும்.

ஆக, குறைந்த வெளிச்சத்தில் சட்டென்று எடுத்து முடிக்கிற போன்தான் உனக்கு வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால், பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதில் பாதி உனக்குத் தேவையே இல்லை.

முதலில் அந்த 108 மெகாபிக்சல், அதாவது 10.8 கோடிப் புள்ளிகள். நீ அனுப்பிய விவரப்படி முதல் போனின் சென்சாரில், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லில், ஒரு பிக்சலின் அகலம் 0.64 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). இரண்டாவது போனில் 50 மெகாபிக்சல்தான், ஆனால் ஒவ்வொன்றும் 1 மைக்ரான். பெருக்கிப் பார்த்தேன். 108இன் சென்சார் பரப்பு ஏறக்குறைய 44 சதுர மில்லிமீட்டர், 50இன் பரப்பு ஏறக்குறைய 50. அதாவது சின்ன எண் போட்ட போனில்தான் சென்சார் கொஞ்சம் பெரியது! ஒளி விழுவது பரப்பின் மேல். அதை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறார்கள் என்பது அதற்கப்புறம் வரும் கணக்கு. அதோடு இந்த இரண்டு போனும் சாதாரணமாக எடுக்கும்போது பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுகின்றன. 108இல் ஒன்பது சேர்ந்து ஒன்று, 50இல் நான்கு சேர்ந்து ஒன்று. கடைசியில் உன் கைக்கு வருவது இரண்டிலும் 12 மெகாபிக்சல் சுமாருக்குத்தான்.

இது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2012இல் வந்த நோக்கியா 808 பியூர்வியூ 41 மெகாபிக்சல் சென்சாரை வைத்துக்கொண்டு, வழக்கமாக 5 மெகாபிக்சல் படங்களைத்தான் கொடுத்தது. அந்த நாளில் அவை அவ்வளவு சுத்தமாக இருந்தன. எனக்குப் பிடிக்காதது, அந்தப் பெரிய எண்ணை மட்டும் தூக்கிக் காட்டுவதுதான். எஃப் 1.8 லென்ஸ் எவ்வளவு குறையில்லாமல் செய்யப்பட்டிருந்தாலும், ஒளியின் அலை இயல்பால் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 2.4 மைக்ரான் வட்டமாகத்தான் விழும். 0.64 மைக்ரான் பிக்சல்கள் நாலு சேர்ந்தால்தான் அந்த வட்டத்தின் அகலம் வரும். அதற்குள் நுணுக்கத்தைத் தேடி என்ன பயன், சொல்.

சென்சார் அளவை 1/1.56, 1/1.67 என்று பின்னமாகத்தான் போடுவார்கள். கீழே உள்ள எண் சின்னதாக ஆக சென்சார் பெரிதாகிறது, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஒரு அங்குலம் என்று போட்டிருந்தாலும் அது நிஜ அங்குலம் இல்லை. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்திலிருந்து வந்த பெயர் அது. ‘ஒரு அங்குல’ சென்சாரின் உண்மை அளவு 13.2 × 8.8 மில்லிமீட்டர். நம் கல்லூரி நாட்களில் 36 படம் கொண்ட ரோலைப் போட்டு, ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து எடுப்போமே, அந்த ஃபிலிமின் ஒரு சட்டம் 36 × 24 மில்லிமீட்டர். இன்றைய நல்ல போனுக்கும் அதில் ஒரு சின்ன மூலைதான் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு இத்தனை செய்கிறார்களே என்று எனக்கு இன்னமும் வியப்புதான்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். உன் பழைய போனில் இருப்பது 1/3 வகை சென்சார், 17 சதுர மில்லிமீட்டர் இருக்கும். இரண்டாவது போனில் பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அபெர்ச்சர் 2.2இலிருந்து 1.8 ஆவதால் இன்னொரு ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்து நான்கு மடங்குக்கு மேல் ஒளி. அதே அறையில், அதே அளவு புள்ளிப்புள்ளியான இரைச்சலோடு, 1/20 என்பது 1/80ஐத் தாண்டிவிடும். அங்கிருந்து 1/125க்குப் போவதை சிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் கேமராவும் மற்ற ஹார்டுவேரும் வேறு வேறு இல்லை என்பது தெரியும். இப்போதெல்லாம் போன் ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. கேமராவைத் திறந்ததுமே படங்களைத் தொடர்ந்து நினைவகத்தில் வாங்கிக்கொண்டே இருக்கும். நீ பொத்தானைத் தொட்டதும் அவற்றில் பலவற்றை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, இரைச்சலைக் கழித்து ஒரு படமாகக் கொடுக்கும். கூகுள் 2013இல் நெக்சஸ் 5இல் இதைத் தொடங்கி, 2018இல் நைட் சைட் என்ற இரவுப் படமுறை வரை கொண்டுபோனது. 2017 முதல் 2020 வரை ‘பிக்சல்’ என்ற பெயரில் வரும் அவர்களுடைய முதன்மை போன்களின் பிரதான கேமரா 12.2 மெகாபிக்சலிலேயே நின்றது. படம் வருஷா வருஷம் முன்னேறியது பெரும்பாலும் மென்பொருளால்.

அந்த வேலையைச் செய்ய சிப்புக்கு வேகம் வேண்டும், ரேம் வேண்டும், எடுத்ததை எழுதிவைக்க ஸ்டோரேஜ் வேகமாக இருக்க வேண்டும். உன் பட்டியலில் முதல் போனுக்கு ஸ்டோரேஜ் ஈஎம்எம்சி 5.1 என்று இருக்கிறது. அதன் உச்ச வேகமே நொடிக்கு 400 மெகாபைட். இரண்டாவதில் இருக்கும் யூஎஃப்எஸ் 3.1 படிப்பதில் 2,000ஐத் தொடக்கூடியது. புதிதாக இருக்கும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்த பிறகு கேலரியைத் திறந்தால் தெரியும். அப்புறம், முதல் போனில் ‘8+8’ ரேம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. பின்னால் வரும் 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. நிஜ ரேமின் வேகம் அதற்கு வராது.

ஓஐஎஸ் பற்றியும் கேட்டிருந்தாய். லென்ஸையோ சென்சாரையோ நகர்த்தி உன் கை நடுக்கத்தைச் சரிக்கட்டுவதுதான் ஓஐஎஸ். இரண்டாவது போனில் இருக்கிறது, முதலில் இல்லை. மாலை நேரத்துத் தோட்டம், விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், நடந்துகொண்டே எடுக்கும் வீடியோ எல்லாவற்றுக்கும் அது பெரிய உதவி. ஓடுகிற குழந்தையை மட்டும் அதனால் நிறுத்த முடியாது. ஓஐஎஸ் இருந்தால் எதுவும் கலங்காது என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதே.

முதல் போனில் நான்கு கேமரா என்று மகிழ்ந்திருக்கிறாய். நான்கில் இரண்டு, கிட்டத்தில் எடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோவும், தூரத்தை அளக்கும் 2 மெகாபிக்சல் டெப்த்தும். அவற்றை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். உன் பூத்தையலைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும் என்றால், தானே ஃபோகஸ் செய்யும் ஆட்டோஃபோகஸ் உள்ள அல்ட்ராவைட் (அகலக் காட்சி) லென்ஸ் இருக்கிறதா என்று பார். அதுதான் நிஜமான மேக்ரோவாக வேலை செய்யும். ஜூமைப் பொறுத்தவரை ஆப்டிகல், அதாவது லென்ஸாலேயே பெரிதாக்குவது, என்று எவ்வளவு போட்டிருக்கிறார்களோ அதை மட்டும் நம்பு.

பூத்தையல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடைக்குப் போகும்போது அந்த அரக்குச் சிவப்புத் துணியை எடுத்துப் போ, சிவப்பிலேயே சிவப்பு நூல் வைத்துத் தைத்தாயே, அதை. கோடக்கின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த வண்ண வடிகட்டி அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான சென்சார்கள் பின்பற்றுகின்றன. அதில் பாதி பச்சைக்கு, சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா கால்பங்கு. அதனால் சிவப்பில் கிடைக்கும் விவரமே குறைவு. போன் அதற்கு மேல் நிறத்தைத் தூக்கிவிட்டால் துணியின் மடிப்பும் நூலின் முறுக்கும் மறைந்து, ஒரே சிவப்பாக அப்பிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார். ஒவ்வொரு தையலும் தனித்தனியாக, நூல் திரும்பும் இடத்தில் சின்ன நிழலோடு தெரிந்தால் அது நல்ல கேமரா. எங்கள் ஆய்வகத்தில் செம்பருத்தி இதழைப் படமெடுக்கும்போது நான் இதைத்தான் பார்ப்பேன். இதழின் நரம்பு தெரியாவிட்டால் அந்தப் படம் பாடத்துக்கு உதவாது.

கடையின் பளீர் விளக்கில் எல்லா போனும் நன்றாகத்தான் எடுக்கும். மாடிப்படி அடியிலோ, வெளிச்சம் எட்டாத மூலைக்கோ இரண்டு போனையும் கொண்டுபோ. பியூட்டி முறையை முதலில் அணைத்துவிடு, இல்லாவிட்டால் தோலெல்லாம் மெழுகாகிவிடும். உன் மகளைக் கைவீசி நடக்கச் சொல்லி எடு. எடுத்ததும் விவரத்தைத் திறந்து ஷட்டர் நேரம் என்ன என்று பார். ஒரே இடத்தில் ஒரு போன் 1/30, இன்னொன்று 1/100 என்று காட்டினால் பதில் அதிலேயே இருக்கிறது. பிறகு கன்னத்தின் ஓரத்தையும் முடியையும் பெரிதாக்கிப் பார். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று முடியை ஒரு பட்டையாக மெழுகிவிட்டதா, இழை இழையாக விட்டிருக்கிறதா?

பொத்தானைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இரு. நடுவில் திணறினால் குழந்தை சிரிக்கிற நொடி போய்விடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒருவரை நிற்கவைத்து, முகமும் வெளி வெளிச்சமும் இரண்டும் கெடாமல் வருகின்றனவா பார். பத்து நிமிஷம் 4கே வீடியோ ஓடவிட்டால் சூடு தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும், கடைக்காரர் விட மாட்டேன் என்றால் கெஞ்சிக் கேள்.

திரை, பேட்டரியெல்லாம் இரண்டிலும் உனக்குப் போதும். வாங்கும் முன் விசாரிக்க வேண்டியது எத்தனை வருஷம் அப்டேட் என்பதைத்தான். கேமரா மென்பொருளின் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிச்சமிருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. நீ பார்க்கும் போனுக்கும் இந்த இரண்டு கேள்வியையும் கேள்.

என் மனசு இரண்டாவது போன் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் அந்த மூலையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதே. ஒரே மாதிரி போட்ட இரண்டு சென்சாரை இரண்டு கம்பெனி இரண்டு விதமாகக் கெடுக்கவும் முடியும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ விசாரித்ததைச் சொன்னேன், “மாலதியின் பேத்தி யார் ஜாடை?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஆகவே கடையில் எடுக்கும் படங்களோடு குழந்தையின் படம் ஒன்றையும் சேர்த்து மெயிலில் அனுப்பு. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஷட்டர் விவரமும் போய்விடும். அங்கே அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாக அனுப்பு. அடுத்த வாரம் விடுமுறைதான், பார்த்துவிட்டு அன்றைக்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தா