உதவித்தொகைத் தேர்வுக்கு வர்ணம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய பண்பாட்டு அமைச்சகம் இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்குகிறது. வயது 18 முதல் 25 வரை. குருவிடமோ நிறுவனத்திலோ 5 ஆண்டுகளாவது பயின்றிருக்க வேண்டும். குருவின் சான்றிதழில் பயின்ற காலம் தெளிவாக இருக்கட்டும். 'பல ஆண்டுகள்' என்று எழுதினால் போதாது.

கர்நாடக இசைப் பாட்டுக்கான தேர்வில் கிடைப்பது சில நிமிடங்களே. அதில் நீண்ட தாளமான அடதாளத்தில் பெரிய வர்ணத்தை (முன்பே இயற்றப்பட்ட பயிற்சி உருப்படி) எடுத்தால், அதன் முற்பாதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரத்தை எட்டுவதற்குள் 'போதும்' என்பார்கள். கற்பனையைக் காட்ட நேரமே இராது. மூன்று நிமிட ஆலாபனை (பாடல் வரியின்றி ராகத்தை விரித்தல்), ஒரு வரி நிரவல் (அதே வரியைப் பலவிதமாக விரித்தல்), இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், கற்பனை ஸ்வரம் இவற்றைக் கடிகாரம் வைத்துப் பழகுவதே பயன். பைரவி ராகம் பாடினால் தைவதம் ('த' ஸ்வரம்) எங்கே மாறுகிறது என்று கேட்கக்கூடும்: ஏறும்போது உயர்ந்த வகையான சதுச்ருதி, இறங்கும்போது தாழ்ந்த வகையான சுத்தம். குரலில் சரியாக வருவதை வாயால் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு.

காலையில் தொண்டை இறங்கியிருக்கும். மேல் ஸட்ஜத்தில் (மேல் 'ச') குரல் கீறுவதைவிட ச்ருதியை அரைக்கட்டை குறைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. கைப்பேசிச் செயலியில் ச்ருதி (பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் ஆதார ஒலி) வைப்பவர்கள் அதை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். அழைப்பு வந்தால் ச்ருதி நின்றுபோகும்.

இசையாசிரியர்,
கும்பகோணம்