வான்கோழியை எண்ணெயில் இறக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவம்பர் நான்காம் வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாள், நெருங்கினாலே இங்கே அமெரிக்காவில் முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கும் பேச்சு வந்துவிடுகிறது. தென் மாநிலமான லூயிசியானா பக்கத்துச் சமையல் இது. ஆசை நியாயமானதுதான். ஓவனில் மூன்று மணி நேரம் கிடக்கும் 12 பவுண்டு கோழி, 350 டிகிரி பாரன்ஹீட் கடலை எண்ணெயில் முக்கால் மணியில் வெந்துவிடும். தோல் மொறுமொறுவென்று இருக்கும், சதையில் சாறு வற்றாது.

ஆனால் கோழியின் வயிற்றுக்குள் கொஞ்சம் பனிக்கட்டி மிச்சமிருந்தாலும் ஆபத்து. நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எண்ணெய் பொங்கி வழிந்து, அடியில் எரியும் கேஸ் அடுப்பைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும். அப்பளம் பொரிக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே கொதிப்பது பல லிட்டர் எண்ணெய். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இந்த எண்ணெய்ப் பொரிப்பான்களே வேண்டாம் என்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பொரித்தே தீருவேன் என்பவர்கள் மூன்று நாள் முன்பே கோழியை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். கோழியைப் பாத்திரத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கோழியைப் பாத்திரத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது அடுப்பு அணைந்திருக்கட்டும். மரத் தளத்திலோ கராஜிலோ வேண்டவே வேண்டாம். மழை வந்தால் ஓவனுக்கே போய்விடுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். விலகி நின்று அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். அப்புறம், சமைத்து முடித்தாலும் எண்ணெய் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

— ஒரு வாசகி, ஹூஸ்டன், டெக்சாஸ்